கனம் குறைய வேண்டியது எங்கே?

சைக்கிள் என்றால் இருபது கிலோ இரும்பு, பின்னால் ஒரு கேரியர், பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு, கைப்பிடியில் ஒரு மணி என்று பழகிய தலைமுறை நம்முடையது. இன்று நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகள் கேட்பது அந்தச் சைக்கிளை அல்ல. மலைச் சரிவில், கல்லிலும் சேற்றிலும் பந்தயம் ஓட்டுவதற்கென்றே செய்த மவுண்டன் பைக்கைக் கேட்கிறார்கள். அதையும் முழு வண்டியாக வாங்குவதில்லை. பிரேமை மட்டும் தனியே வாங்கி, மற்ற உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து பூட்டிக்கொள்கிறார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் நம் உறுப்பினர்கள் ஐந்தாறு பேர், “நீங்கள் ரயில்வே பட்டறையில் இருந்தவராயிற்றே, எந்த பிரேம் வாங்கலாம், சொல்லுங்கள் சார்” என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட நம் இதழில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்தயத்துக்குப் புதிதாக வரும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு, நன்றாகச் செய்த அலுமினிய பிரேம் போதும். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, பின்பக்கம் விறைப்பாக இருக்கிற ‘ஹார்ட்டெயில்’ வகை போதும். கார்பன் பிரேமுக்காகக் கடன் வாங்குவது வேண்டாத வேலை. காரணங்களைக் கேட்டபின் ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வாசக அன்பர்களின் விருப்பம்.

இது வேலையற்றவர்களின் வெட்டிப் பேச்சு அல்ல என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் உறுப்பினர் ஒருவர் தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். அவருடைய மகளுக்குப் பதினேழு வயது. விடியுமுன் எழுந்து வேதாள் டேக்டியில் பயிற்சி செய்கிறாள். ஞாயிறு தோறும் சிம்மகட் மலை ஏறி இறங்குகிறாள். மாவட்டப் பந்தயங்களில் முதல் பத்துக்குள் வரத் தொடங்கியிருக்கிறாள். “கார்பன் பிரேம் இல்லாமல் இனி மேலே போக முடியாது” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தந்தை, மனைவியின் வளையல்களை அடகுக் கடைக்குக் கொண்டுபோகத் தயாராகிவிட்டார். என்றாவது தேசிய அளவில் ஓர் இடம் கிடைத்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் மகளுக்கு ஒரு நிரந்தர வேலை கிடைக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். 1979-ல் மெக்கானிக்கல் டிப்ளமோவோடு ரயில்வேயில் சேர்ந்து 2019-ல் ஓய்வு பெறும்வரை, விளையாட்டினால் வேலைக்கு வந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வளையல்கள் எதை வாங்குகின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டாமா?

முதலில் இந்த வண்டியின் பூர்வீகம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மரின் கவுண்டியில் டமால்பயஸ் என்றொரு மலை. 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மேலே தள்ளிக்கொண்டு போய், மண்பாதையில் கீழே பாய்ந்து வந்தார்கள். 1976-ல் தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். ஒருமுறை இறங்கி வருவதற்குள் பின் சக்கர பிரேக் சூடேறி உள்ளே இருக்கும் கிரீஸ் எல்லாம் புகைந்துபோகும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் வந்த பெயர். 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே குரோமியம்–மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய்களில் பிரேம் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற வண்டியை ஜப்பானில் தொழிற்சாலை முறையில் செய்வித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகப் போட்டி நடந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயம் சேர்க்கப்பட்டு, ஆண்களில் நெதர்லாந்தின் பார்ட் பிரென்ட்ஜென்சும், பெண்களில் இத்தாலியின் பாவோலா பெட்சோவும் தங்கம் வென்றார்கள்.

நம் நாட்டுக்கும் இது அந்நியம் அல்ல. இமாசலப் பிரதேசத்தில் 2005 முதல் ‘எம்.டி.பி. இமாலயா’ என்ற பல நாள் பந்தயம் நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் போட்டியே கேரளத்துப் பொன்முடி மலையில் நடந்தது. ஆகவே நம் பெண் காண்பது வெறும் பகற்கனவு அல்ல.

இனி பிரேமுக்கு வருவோம். பிரேமுக்கு நான்கு பொருள்கள் உண்டு: எஃகு, அலுமினியம், டைட்டானியம், கார்பன் நார். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7, கார்பன் நாரும் பசையும் சேர்ந்த கலவை 1.6 அளவில் இருக்கும். இதைப் பார்த்ததும், அலுமினியம் மூன்றில் ஒரு பங்கு எடை, ஆகவே பிரேமும் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. அலுமினியத்தின் விறைப்பும் எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவுக் குழாயை அலுமினியத்தில் செய்தால் மிதிக்கும்போதே வளைந்து கொடுக்கும். மிதித்த பலம் சக்கரத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது.

அப்படியானால் அலுமினிய பிரேம் எப்படி வென்றது? குழாயின் விட்டத்தில் இருக்கிறது சூட்சுமம். மெல்லிய குழாயின் விறைப்பு, விட்டத்தின் மும்மடி வீதத்தில் ஏறும். சுவரின் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை மட்டும் இரட்டித்தால் எடை இரண்டு மடங்கு, விறைப்போ எட்டு மடங்கு. பழைய எஃகு பிரேமின் கீழ்க்குழாய் 28.6 மில்லிமீட்டர் விட்டம், 0.9 மில்லிமீட்டர் சுவர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் அலுமினியத்தில் 44.5 மில்லிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் சுவர் என்று செய்தால், எடை ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே போகும். கால்குலேட்டர் உள்ள யாரும் போட்டுப் பார்க்கலாம். 1970-களில் அமெரிக்காவில் கேரி கிளைன் பருத்த அலுமினியக் குழாய்களை வைத்து இதைத்தான் செய்தார். 1983-ல் கேனன்டேல் நிறுவனம் இதே வழியில் இறங்கியது. இன்று தெருவில் பருத்த குழாயோடு ஒரு சைக்கிள் போனால் அது முரட்டு வண்டி என்று எண்ண வேண்டாம். அதுதான் எடை குறைந்தது.

இன்னொரு நுணுக்கம், குழாயின் சுவரை நடுவில் மெலிதாகவும் இரு முனைகளில் தடித்தும் செய்வது. பற்றவைப்பு விழுவதும் பளு அதிகம் வருவதும் முனைகளில். நடுவில் அவ்வளவு உலோகம் தேவையில்லை. இதை ‘பட்டிங்’ என்பார்கள். இங்கிலாந்தில் ஆல்பிரட் ரெனால்ட்ஸ் 1897-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அலுமினிய பிரேம் வாங்கும்போது ‘டபுள் பட்டட்’, ‘டிரிபிள் பட்டட்’ என்று எழுதியிருந்தால் இதுதான் பொருள். இந்தச் சொல் இல்லாத மலிவு பிரேம்கள் பெரும்பாலும் முழு நீளமும் ஒரே தடிப்பு. இரண்டு கிலோவுக்கு மேல் போவது அதனால்தான்.

இப்போது எடைகளைப் பார்க்கலாம். பந்தயத்துக்கான நல்ல அலுமினிய ஹார்ட்டெயில் பிரேம் ஒன்றரை முதல் 1.9 கிலோ வரை இருக்கும். கார்பன் பிரேம் 900 கிராம் முதல் 1.2 கிலோ. நல்ல குரோமாலி எஃகு இரண்டு முதல் இரண்டரை கிலோ. டைட்டானியம் அலுமினியத்தின் எடையை ஒட்டி வரும், துருவும் பிடிக்காது. ஆனால் பற்றவைக்கும்போது குழாயின் உள்ளும் புறமும் ஆர்கான் வாயு சூழ வேண்டும். கைவேலை அதிகம், விலையும் அதிகம். நம் போன்றோர் அதைக் கண்காட்சியில் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் வித்தியாசம் 600 கிராம் என்று கொள்வோம். நம் பெண்ணின் எடை 55 கிலோ, வண்டி 11, தண்ணீர், ஹெல்மெட், காலணி எல்லாம் 2. ஆக மொத்தம் 68 கிலோ. அதில் 600 கிராம் என்பது 0.9 சதவீதம்கூட இல்லை. ஒலிம்பிக் வகைப் பந்தயம் சுமார் ஒன்றரை மணி நேரம்; அதில் 40 நிமிடம் ஏற்றம் என்று வைத்தால், ஏற்றத்தில் மிச்சமாவது அதிகபட்சம் 21 வினாடி. இறக்கத்தில் எடைக் குறைவால் லாபம் எதுவும் இல்லை. உலகப் போட்டியில் 21 வினாடி என்பது தங்கத்துக்கும் வெண்கலத்துக்கும் உள்ள தூரம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெண் சென்ற பந்தயத்தில் முதலில் வந்தவளைவிட நான்கு நிமிடம் பின்தங்கி ஏழாவதாக வந்தாள். நடுவில் ஒரு பஞ்சர். அதற்கே மூன்று நிமிடம் போயிற்று. வளையல் அடகுக்குப் போனாலும் மிச்சமாகப்போவது அந்த நான்கு நிமிடத்தில் 21 வினாடி. ஆனை விலையில் அங்குசம் வாங்குவது என்பது இதுதான்.

“எல்லாரும் கார்பன் ஓட்டும்போது என் பிள்ளை மட்டும் அலுமினியத்தில் நின்றால் மனம் தளராதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பந்தயத்தில் மனத்துக்கும் ஒரு எடை உண்டு. கார்பனில் நன்மைகள் உண்டு என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நார்களை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அந்தத் திசையில் விறைப்பும், வேண்டிய இடத்தில் இளக்கமும் தரலாம். அதிர்வை உடம்புக்கு அவ்வளவாகக் கொண்டுவராது. முறையாகச் செய்தால் உலோகத்தைவிட நன்றாகவே களைப்பைத் தாங்கும். அதன் விலைக்குக் காரணமும் ஏமாற்று அல்ல. ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வேண்டும். நார்த் துண்டுகளை மனிதர்கள் கையால் அடுக்க வேண்டும். ஆனால் அதன் குறை நம் சூழ்நிலையில் பெரிதாகத் தெரியும். கூர்மையான அடி ஒன்று விழுந்தால் மேலே பூச்சு பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்துவிடக்கூடும். பிள்ளைகள் பந்தயத்துக்குப் போவது சொந்தக் காரிலா? பேருந்தின் கூரையில் கட்டுகிறோம். ரயிலில் பார்சலாகப் போடுகிறோம். சைக்கிளின் மேல் மூட்டையும், மூட்டையின் மேல் பெட்டியும் ஏறத்தான் செய்யும். அலுமினியக் குழாய் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். கார்பன் அப்படிச் சொல்லிக்கொண்டு கெடுவதில்லை. அதைச் சோதிக்கவும் செப்பனிடவும் தெரிந்தவர்கள் பெருநகரங்களில் சிலரே.

அலுமினியத்தின் குறையையும் சொல்லாவிட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். அதற்கு ‘களைப்பு’ உண்டு. உலோகக் களைப்பு என்ற பாடத்தை உலகுக்குக் கற்பித்ததே ரயில்தான். 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அச்சுகள் ஏன் முறிகின்றன என்ற ஆராய்ச்சி வேகம் பிடித்தது. ஜெர்மனியில் ரயில்வே பொறியாளராக இருந்த ஆகஸ்ட் வோலர், 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்தார். ஒரே தடவையில் முறிக்க முடியாத சிறு பளுவும், லட்சக்கணக்கான தடவை வந்தால் முறித்துவிடும் என்று காட்டினார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே உள்ள பளுவை எத்தனை முறை தந்தாலும் பெரும்பாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது. சிறு பளுவும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கந்து வட்டி மாதிரி.

அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. நல்ல தயாரிப்பாளர் இதைத் தெரிந்துதான் குழாயைப் பருமனாக்கி, ஒவ்வொரு இடத்திலும் வரும் அழுத்தத்தைக் குறைத்துச் செய்கிறார். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேச விதியில் மவுண்டன் பைக் பிரேமுக்கு ஒரு சோதனை உண்டு. சுமார் 120 கிலோ எடைக்கு நிகரான விசையால் பெடல்களை மாற்றி மாற்றி ஒரு லட்சம் முறை அழுத்துவார்கள். எங்கும் விரிசல் வரக்கூடாது. 55 கிலோப் பெண் ஒவ்வொரு மிதியிலும் அத்தனை விசை கொடுக்கப்போவதில்லை. முன் சக்கரத்தை மோதுவது போன்ற விசையை 50,000 முறை தரும் சோதனையும் அதில் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறம் பற்றியது அல்ல, “இந்த விதிப்படி சோதித்ததா?” என்பதுதான். பதில் இல்லாத பிரேம் எத்தனை இலேசாக இருந்தாலும், எத்தனை மலிவாக இருந்தாலும், அது நமக்கு வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, எந்த அலுமினியம்? பெரும்பாலும் 6061 அல்லது 7005 என்ற எண் எழுதியிருக்கும். 6061 வகையைப் பற்றவைத்தால், சூடு பட்ட இடத்தில் வலிமை ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். அதனால் பற்றவைத்த பிரேம் முழுவதையும் 530 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, நீரில் குளிர்வித்து, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து வலிமையை மீட்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் ‘டி6’ என்று போடுவது இதைத்தான் குறிக்கிறது. 7005 வகைக்கு அந்தப் பெரிய சூடு வேண்டாம்; குறைந்த சூட்டில் பதப்படுத்தினால் போதும். ஆகவே எண்ணைவிட முக்கியம், பதப்படுத்தல் ஒழுங்காக நடந்ததா என்பது. இதிலிருந்து ஒரு எச்சரிக்கையும் கிடைக்கிறது. விரிசல் விட்ட அலுமினிய பிரேமைத் தெருமுனை வெல்டிங் கடையில் ஒட்டவைத்து ஓட்டக்கூடாது. ஒட்டிய இடம் உறுதியாகத் தெரியும்; அதன் பக்கத்திலேயே அடுத்த முறிவு காத்திருக்கும். எஃகு பிரேமானால் எந்த ஊரிலும் பற்றவைத்துக் கொள்ளலாம். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு நான் இன்றும் எஃகையே சொல்வேன். பந்தயத்துக்கு அல்ல.

விலைக்குத் தகுந்த மதிப்பு என்பது விலைச்சீட்டில் மட்டும் இல்லை. பிரேமில் பூட்டும் உறுப்புகள் நாளை கிடைக்குமா என்பதிலும் இருக்கிறது. ஹெட் குழாய் மேலே ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், கீழே ஒன்றரை அங்குலமாகவும் சரிந்து விரிகிற வகையாக இருந்தால் இன்றைய நல்ல ஃபோர்க்குகள் பொருந்தும். பெடல் அச்சு உட்காரும் இடம் மரையுள்ள வகையாக இருக்கட்டும். அழுத்திப் பொருத்தும் வகையில் நம் செம்மண் சேறு புகுந்தால் கிறீச்சிடத் தொடங்கும். மரையுள்ளதை எந்த மெக்கானிக்கும் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். வலப்பக்கக் கப்புக்கு மட்டும் இடமரை என்று அவருக்கு ஞாபகப்படுத்தினால் போதும். பின் சக்கர இடைவெளி இப்போது 148 மில்லிமீட்டர். அதற்கு முந்திய 142 மில்லிமீட்டர் பிரேம்கள் பழைய சரக்கு என்பதால் தள்ளுபடியில் வரும். கையில் ஏற்கெனவே 142 சக்கரம் இருந்தால் அது நல்ல பேரம். இல்லையென்றால் சக்கரம் தேடி அலைய நேரும். கியர் மாற்றியைத் தாங்கும் சிறு துண்டு கழற்றி மாற்றக்கூடியதா என்றும் பாருங்கள். விழும்போது பிரேமைக் காப்பாற்ற அந்தத் துண்டு வளைந்து தன்னைப் பலி கொடுக்கும். அதில் ஒன்றை உபரியாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றிலும் மேலானது அளவு. வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடையை ஒரு சுற்றுப் பெரிதாகத் தைப்பது நம் வழக்கம். பிரேமில் அந்த வழக்கத்தைக் காட்டாதீர்கள். பெரிய பிரேமில் கை நீண்டு, முதுகு வலித்து, இறக்கத்தில் பிரேக் எட்டாமல் பிள்ளை தடுமாறுவான். அளவு பொருந்தாத கார்பனைவிட அளவு பொருந்திய அலுமினியம் நூறு பங்கு மேல். அதுபோலவே 100 மில்லிமீட்டர் ஃபோர்க்குக்காகச் செய்த பிரேமில், பார்வைக்குக் கம்பீரம் என்று 140 மாட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஹெட் குழாயில் வரும் பளுவும் கூடும்.

பழைய பிரேம் வாங்குகிறவர்களுக்கு எங்கள் பட்டறை வழி ஒன்று சொல்கிறேன். அல்ட்ராசானிக் கருவி வருமுன் அச்சுகளில் விரிசல் தேட எண்ணெயும் சுண்ணப்பொடியும்தான். சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். பெயிண்ட் உடையாமல் மூடியிருக்கும் விரிசலை இது காட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முக்கியமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: கீழ்க்குழாய் ஹெட் குழாயோடு சேரும் இடத்தின் அடிப்புறம், சீட் குழாயின் மேல்முனை, பெடல் அச்சின் சுற்றுப்புறம். பிறகு ஒரு நூலை எடுத்து, பின் சக்கரம் மாட்டும் ஒரு முனையில் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றி மறு முனைக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிரேம் கோணியிருக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

கார்பனுக்குப் போகவிருந்த பணத்தில் மிச்சமானதை எங்கே போடுவது? முதலில் டயருக்கு. உள் டியூப் இல்லாமல், அடைக்கும் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் அமைப்புக்கு மாறினால் முள் குத்தும் பஞ்சர் பெரும்பாலும் தானே அடைபடும். காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டலாம், பிடிப்பும் கூடும். அந்த மூன்று நிமிடம் இங்கே திரும்பக் கிடைக்கும். அடுத்தது சக்கரம். விளிம்பில் குறையும் 100 கிராம், வேகம் கூட்டும்போது பிரேமில் குறையும் 200 கிராமுக்குச் சமம். நின்று கிளம்பி, வளைந்து கிளம்பி ஓட்டும் பந்தயத்தில் அது தெரியும். மூன்றாவது நல்ல பிரேக். நான்காவது, நாலு ஊர்ப் பந்தயங்களுக்குப் போய்வரும் செலவு. ஐந்தாவது, சத்தான சாப்பாடு. பந்தயம் ஓட்டும் பிள்ளைக்கு எந்த பிரேமைவிடவும் அது முக்கியம்.

இந்த யோசனையைத்தான் அந்தத் தந்தையிடமும் சொன்னேன். “நீங்கள் சொன்னதைக் கேட்டு, நாளைக்கு அவள் தோற்றுவிட்டால் அப்பா மலிவாக வாங்கித் தந்ததால்தான் என்று நினைக்க மாட்டாளா?” என்றார். அதற்குக் கணக்கில் பதில் இல்லை. அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, மேலே உள்ள எண்களைத் தாளில் எழுதிக் காட்டினோம். அவள் கேட்டது ஒன்றே: “அங்கிள், நான் ஸ்டேட்டில் முதல் மூன்றுக்குள் வந்தால்?” அப்போது கார்பன் வாங்க வேண்டியதுதான் என்றேன். இருபது வினாடிக்காகப் போராடும் இடத்துக்கு அவள் போய்விட்டால், அந்த இருபது வினாடிக்கு விலை உண்டு. அதைக் கொடுக்க வேண்டியவர்கள் அவளுடைய பெற்றோர் மட்டும் அல்ல. மாநிலமும், சம்மேளனமும், நம்மைப் போன்ற சங்கங்களும் அன்றைக்குக் கை கொடுக்க வேண்டும். இப்போதைக்கு வளையல்கள் வீட்டில் இருக்கின்றன. பட்டிங் செய்த 6061 பிரேம் ஒன்று, 1.7 கிலோ, அவள் அளவுக்கு வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு ஆதங்கம். ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் சைக்கிள் செய்யும் நாடு இது. லூதியானாவில் 1956-ல் தொடங்கிய ஹீரோ, அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் என்று பெரிய பெயர்கள் இருக்கின்றன. ஆவடியில் 1955 முதல் குழாய்த் தொழிற்சாலையே இருக்கிறது. ரயில் பெட்டியை எஃகிலும், ராக்கெட் கூட்டை அலுமினியத்திலும் செய்யத் தெரிந்தவர்கள் நாம். ஆனாலும் பந்தய பிரேம் என்றவுடன் தைவானையும் சீனத்தையும்தான் பார்க்கிறோம். முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறு அளவில் சிலர் முயல்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உறுப்புகளுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பது நல்ல செய்தி. நன்றாகப் பதப்படுத்திய, பட்டிங் செய்த, 1.7 கிலோ அலுமினிய பிரேமை நியாய விலையில் செய்து கொடுக்கப் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை; ஒழுங்கும் சோதனையும்தான் தேவை.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நல்ல கருவிப் பெட்டி, ஒரு வேலை ஸ்டாண்டு, ஒரு தொங்கு தராசு இவற்றை வாங்கிச் சங்கக் கட்டடத்தின் பின்கட்டில் வைத்தால், மாதம் ஒரு ஞாயிறு காலை நான் வந்து உட்காரத் தயார். பிள்ளைகள் தங்கள் வண்டியைக் கொண்டுவரட்டும். தங்கள் கையாலேயே கழற்றி, எடைபோட்டு, கனம் எங்கே இருக்கிறது என்று பார்க்கட்டும். பெட்டி வாங்குவதற்கான முதல் நன்கொடையை இந்த மாதச் சந்தாவோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். மற்றதைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறேன்.